மோதல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது: மூன்று வழிகள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டேபிள்டாப் ரோல்பிளே (மேசையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி, கதாபாத்திரங்களாகக் கதை ஆடுவது) குழுவில் அதிகம் வாக்குவாதம் வருவது ஒரே விஷயத்தில்தான்: சண்டையில் யார் முறை முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் டைஸை எப்போது உருட்டுவது? கதை நடப்பது வாளையார்க் காட்டைப் போன்ற ஒரு கணவாயில். சாவடிக் காவலர்கள் வண்டியை மறிக்கிறார்கள், மூட்டைக்குள் கடத்தல் பொருள். சரி, மோதல் இப்போதே தொடங்கிவிட்டதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) சண்டை தொடங்கினால்தான் இனிஷியேட்டிவ். அது எந்த நொடி என்பது கதையை நடத்தும் மாஸ்டர் கையில். அவர் கறாராக இல்லாவிட்டால், “அண்ணா, நான் குத்திட்டேன்” என்று முதலில் கத்துபவருக்கு ஓர் இலவச அடி கிடைத்துவிடுகிறது.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு (2019) இதைவிட நியாயமானது. பொதுவாக இனிஷியேட்டிவுக்குக் கூர்ந்து கவனிக்கும் திறனை வைத்து டைஸ் உருட்டுகிறோம். காட்டோரமாகப் பதுங்கி வந்தவர் பதுங்கும் திறனை உருட்டலாம். மோதலுக்கு முன் செய்துகொண்டிருந்த வேலைக்கும் மதிப்பு உண்டு.

என் மனம் போவது 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளிடம். அங்கே கத்தி உருவும்போது அல்ல, கண்ணில் படும்போதே எல்லாம் தொடங்குகிறது. ஆறு பக்க டைஸில் 1 அல்லது 2 விழுந்த தரப்பு திகைத்து நிற்கும். அப்புறம் எவ்வளவு தூரத்தில் பார்த்தார்கள், எதிராளியின் மனநிலை என்ன என்று பார்க்க வேண்டும். மனநிலைக்கு இரண்டு டைஸ்: 2 விழுந்தால் உடனே தாக்குதல், 9 முதல் 11 வரை என்றால் பேரத்துக்கு இடம் உண்டு. காவலரிடம் பேசிப் பார்க்கும் வாய்ப்பு விதியிலேயே இருக்கிறது! காட்டு யானை தூரத்தில் தெரிந்ததுமே வண்டியை நிறுத்துகிற ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல.

முடிவு இன்னும் சிக்கலானது. ஐந்தாம் பதிப்பை அப்படியே ஆடினால், ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் கடைசி ஆள் விழும்வரை டைஸ் உருளும். 1981 விதிகளில் ஒரு தரப்பில் முதல் ஆள் செத்ததும், பாதிப் பேர் விழுந்ததும் மன உறுதிச் சோதனை. இரண்டு டைஸின் கூட்டு, எதிராளிக்கு விதி தரும் மன உறுதி எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரணாகதி. ஐந்தாம் பதிப்பின் மாஸ்டர் கையேட்டிலும் இதுபோன்ற விருப்ப விதி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஐந்தாம் பதிப்பு ஆடுபவர்கள் மனநிலை உருட்டலையும் மன உறுதியையும் கடன் வாங்குங்கள். ஆனால் இனிஷியேட்டிவை நிறுத்தினாலும் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ரவுண்டுக்கு 6 விநாடி. ஒரு நிமிடம் நீடிக்கும் மந்திரம் போட்ட நாலு ரவுண்டில் காவலர்கள் ஓடினால், துரத்துபவருக்கு அந்த மந்திரம் இன்னும் 36 விநாடி மிச்சம்.