வடகடல் ஓரத்து நர்சரியும் காட்பாடிக் கையும்

காட்பாடி வீட்டு மொட்டை மாடியில் இருபது வருடமாகச் செடி வளர்க்கிறேன். மே மாத வெயிலிலேயே காப்பாற்றுகிறோமே என்ற தைரியத்தில், போன வருடம் ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குப் போனபோது மகள் வீட்டுத் தோட்டத்தை ஏற்றுக்கொண்டேன். வேலிக்குக் கிழக்கே வடகடல். ஒரு பெரிய கடையில் பூவைப் பார்த்து வாங்கிய ஐந்து செடிகளும் மூன்றே வாரத்தில் கருகிவிட்டன. ஜூன் மாதம், பனியே இல்லை!

பிறகுதான் ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் நடத்தும் சின்ன நர்சரிக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் எடுத்ததுமே, "காற்று எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கேட்டார். செடியின் அட்டையில் எச்5 என்ற குளிர்தாங்கும் குறியீடு இருந்தால் மைனஸ் 10 முதல் 15 டிகிரி வரை தாங்கும். ஆனால் அது குளிருக்கு மட்டுமான கணக்கு. உப்புக்காற்று இலையின் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்றார். எனக்குப் பாலாற்று மணலில் நிற்கும் எருக்கு நினைவுக்கு வந்தது. சாம்பல் பூத்த இலை, ஒடுங்கிய இலை, தரையோடு ஒட்டிய வளர்ச்சி: வறட்சிக்குத் தேடுவதைத்தான் அங்கேயும் தேட வேண்டும்.

திரிஃப்ட் மூன்று தொட்டி வாங்கினேன். கடலோரப் பாறை இடுக்கில் தானாக முளைப்பது. புல் மெத்தைமேல் வாடாமல்லி போல இளஞ்சிவப்புப் பூ. எரு போடலாமா என்றேன். வேண்டாம், சரளை கலந்து மேடாக நடுங்கள், குளிர்காலத்தில் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும் என்றார். காற்றுக்குச் சுவர் எழுப்பினால் அது தாண்டிவந்து சுழன்றடிக்குமாம். வலை கட்டச் சொன்னார். நம் ஊர்ப் படல் மாதிரிதான், காற்றை வடிகட்டி விடும். அந்த நர்சரியில் செடி விலை சற்றுக் கூடுதல், கொடுக்கலாம். குளிர்காலம் முடிந்தும் மூன்று திரிஃப்ட்டும் பிழைத்திருக்கின்றன. மே மாதம் மொட்டு விட்டதை மகள் வீடியோவில் காட்டினாள். பார்த்துப் பார்த்து மனம் நிறைந்தது.

ஒரே குறை. ஆரஞ்சு நிறப் பழத்துக்கு ஆசைப்பட்டு சீ பக்தார்ன் ஒன்று வாங்கினேன். முள்செடி, வெள்ளி நிற இலை, எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. ஆனால் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது பெண். மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டு சேர்க்கிறது என்பதால், செப்டம்பரில் போகும்போது ஆண் செடி ஒன்று வாங்கி, காற்று வரும் பக்கமாக நடப்போகிறேன்.