பிச்சாவரம் வழியா, ஊசுடு வழியா?

கடலூர்ப் பக்கம் ஓர் ஏரியைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால், "சரணாலயமா அறிவிச்சிட்டா போதும்" என்று ஒரு குரல் வந்துவிடும். போதுமா என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். தெற்கே பிச்சாவரம், வடக்கே ஊசுடு.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. சட்டப்படி காப்புக்காடுதான். காடு அழிவதற்கு விறகு வெட்டுகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். உண்மையில், வெள்ளைக்காரர் காலம் தொட்டுக் கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டியதில் தரை காய்ந்து குழிந்திருந்தது. ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு உள்ளே வந்த தண்ணீர் வடியாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறிப்போனது. அந்த மண்ணில் மரக்கன்று எப்படி நிற்கும்? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மீன் முள் போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். காடு திரும்பியது. 2022இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது.

இங்கே ஊருக்குக் கிடைத்தது குழுவில் வெறும் நாற்காலி அல்ல, வேலை. வண்டல் படியும் வாய்க்காலைத் திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும், அதனால் ஊரை மறந்துவிட முடியாது. குறையும் உண்டு: இந்த வேலைக்காகக் கூட்டிய ஊர் மன்றத்துக்குச் சட்ட பலம் குறைவு, திட்டப் பணம் நின்றால் கூட்டமும் நின்றுவிடும். ஊர் என்றால் யார் என்பது அடுத்த கேள்வி. பறி என்னும் ஓலைப் பையை வாயில் கவ்விக்கொண்டு சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கும் இருளர்களும், வலை போடும் மீனவர்களும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைப்பது தப்பு.

ஊசுடு வேறு கதை. ஏறக்குறைய 800 ஹெக்டேர் ஏரி. பாதி புதுச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி தன் பங்கை 2008இல் சரணாலயமாக்கியது, தமிழ்நாடு பிறகு அறிவித்தது. தண்ணீர் ஒன்று, காவலுக்கு இரண்டு அரசு! ஆனால் சரணாலயத்துக்குப் பல் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே வரும் நீரையோ வெளியே போகும் நீரையோ தடுக்கவோ திருப்பவோ கூடாது. மனை போடுகிறவர்களுக்கு இது நல்ல பூட்டு. பாசனக்காரருக்கும் அதே பூட்டுதான். ஆலோசனைக் குழுவில் எம்.எல்.ஏ.வுக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு, மீனவருக்கென்று தனி இடம் இல்லை.

நடுவில் மூன்றாவதாக ஒன்று: அதே சட்டத்தின் 2002 திருத்தத்தில் வந்த பாதுகாப்புக் காப்பகம் (கன்சர்வேஷன் ரிசர்வ்). அரசு நிலத்துக்கு மட்டும். இதன் குழுவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஓர் இடம், வேளாண் துறைக்கும் ஓர் இடம். ஆலோசனைதான் என்றாலும், எல்லா ஊரும் உட்கார இடம் இருக்கிறதே.

சரி, எதை எடுப்பது? கரையை மனைகள் நெருக்கும் ஏரி என்றால் சரணாலயம்தான், தயங்க வேண்டாம். ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசன நிலம், இன்னும் உயிரோடு இருக்கிற ஏரிக்கு என் ஓட்டு காப்பகத்துக்கு; கூடவே பிச்சாவரம் போலத் தூர்வாரும் வேலையையும் கூலியையும் ஊரிடமே விட வேண்டும். முதல் கூட்டத்துக்குத் தலைவர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் மதகு திறக்கிறவரைக் கூப்பிடுங்கள். எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும், வலை எங்கே விழும், நாரை எங்கே இறங்கும் என்று அவர் சொல்லி முடிக்கவே ஒரு மத்தியானம் ஆகும்.