ஊதாப் பழச்செடி: வடசென்னைக்கு எது ஒத்துவரும்?

இலையே இல்லாத கிளையில் பளபளவென்று ஊதா மணிகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்தச் செடி, எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது காலிகார்பா. பியூட்டிபெர்ரி என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். திருவொற்றியூரிலும் மணலியிலும் மாதவரத்திலும் அதோடு போட்டிக்கு நிற்கக்கூடிய செடிகள் நம்மிடமே நாலைந்து உண்டு. அதில் இரண்டு, அதைவிட நன்றாகவே பிழைக்கும்.

நிறத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலிகார்பாவின் அந்தப் பளீர் ஊதா மற்றவற்றில் வராது. நம் ஊர்ச் செடிகள் தருவது நாவல்பழ நிறம்தான். பச்சை சிவந்து, சிவப்பு கறுப்பாகப் போகும் வழியில் சில நாள் ஊதாவாக நிற்கும். இதில் மனம் ஒப்பினால் மேலே படியுங்கள்.

காலிகார்பா இங்கே ஏன் சரிப்படாது? இங்கிலாந்துத் தோட்டங்களில் பேர்போன புரொஃபியூஷன் ரகம், குளிர் தொடங்கும்போது மொத்த இலையையும் கொட்டிவிடும். படத்தில் நாம் மயங்கும் அழகில் பாதி அந்த மொட்டைக் கிளையால் வருவது. நமக்கு ஏது இலையுதிர் காலம்? ஜனவரி விடியற்காலையில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மப்ளர் தேடுகிறோம். அமெரிக்க வகை ஃபுளோரிடா வரைக்கும் தானாக வளர்கிறது, ஆகவே வெயில் மட்டும் அதைக் கொன்றுவிடாது. ஆனால் அது மர நிழலும் இலைமக்கும் உள்ள காட்டு ஓரத்துச் செடி. மே மாதத்து மொட்டைமாடியும் உப்புத் தண்ணீரும் அதற்குப் பழக்கமில்லாதவை. போதாக்குறைக்கு, பக்கத்தில் இன்னொரு செடி துணைக்கு இருந்தால்தான் பழம் நிறையப் பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, காலிகார்பா டொமென்டோசா. அது சிறு மரமாகவே வளர்ந்துவிடும்.

ஒரு விஷயத்துக்காக மட்டும் எனக்கு ஆசைதான். அந்த அமெரிக்கக் காலிகார்பாவின் இலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டால் கொசு அண்டாது என்று அமெரிக்கத் தெற்கு மாநில விவசாயிகள் சொல்லிவந்தார்கள். அந்நாட்டு வேளாண் துறை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, காலிகார்பெனால் என்ற பொருளை அதிலிருந்து பிரித்தும் காட்டினார்கள். பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களுக்கு இது சும்மா விடக்கூடிய செய்தியா? இருந்தாலும், விதைப் பாக்கெட்டாக வருவதை நம்பி வாங்காதீர்கள். முளைத்தது எதுவென்று பழம் வரும்போதுதான் தெரியும்.

சரி, நம் பக்கம் வருவோம். வடசென்னையில் எந்தச் செடியை எடுத்தாலும் மூன்று சோதனை வைக்க வேண்டும்: உப்பு, தூசி, தேங்கும் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த கதை. எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் போர் தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிப் பாருங்கள், சில மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். தூசிக்கு அனல்மின் நிலையச் சாம்பலும், எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளும் போதும். மாதவரம், கொளத்தூர், வியாசர்பாடிப் பக்கம் களிமண் இருக்கும் தாழ்வான மனைகளில் ஐப்பசி மழை நின்ற பிறகும் தண்ணீர் நிற்கும். வேர் அழுகிச் சாவதுதான் அங்கே அதிகம்.

இந்த மூன்றில் முதல் இரண்டையும் அலட்சியமாகத் தாண்டுவது களா. பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பார்களே, அதே களாக்காய்தான். அழகுச்செடி என்று இதை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மல்லிகை போன்ற வெள்ளைப் பூ, மணமும் உண்டு. அப்புறம் காய். ஒரே கொத்தில் ஒன்று வெளிர்பச்சை, ஒன்று ரோஜா நிறம், ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று நன்றாகக் கறுத்த ஊதா என்று ஆடி, ஆவணியில் நிற்கும்போது அந்தக் காலிகார்பா படத்தை மறந்துவிடுவீர்கள். இலை தடிப்பும் வழவழப்புமாக இருப்பதால் ஒரு மழையில் தூசி முழுக்க இறங்கிவிடும். வறட்சி, மணல், ஓரளவு உப்பு எல்லாம் தாங்கும். காய் ஊறுகாய்க்கு ஆகும். பேக்கரி பன்னில் செர்ரி என்று வைக்கிற சிவப்புத் துண்டு பல நேரம் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான். எத்தனை பேருக்கு இது தெரியும்?

குறை சொல்லாமல் விட முடியாது. முள். ஜோடி ஜோடியாக, சிலது கவட்டையாகப் பிரிந்து, தைத்தால் உள்ளேயே ஒடிந்து நிற்கும். நடைபாதை ஓரத்திலும் குழந்தைகள் ஓடும் இடத்திலும் வைக்கவே கூடாது. காயைக் கிள்ளினால் வரும் பால் கத்தியிலும் விரலிலும் பசையாகப் பிடித்துக்கொள்ளும். வேலியாக வைத்து மாதாமாதம் கத்தரித்தால் பூவே வராது, பழத்துக்கு எங்கே போவது? விதைக்கன்று மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் காய்க்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் வாழாது.

அவசரக்காரர்களுக்கு ஹமீலியா. வேறு பெயரில் கேட்டால் நர்சரியில் விழிப்பார்கள், ஹமீலியா என்று கேளுங்கள். மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகிற வழியில் உள்ள நர்சரிகளில் விசாரித்தாலே கிடைக்கும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிச் செடி. குழாய் மாதிரி ஆரஞ்சுச் சிவப்புப் பூ கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க. கூடவே சிறு மணிப் பழங்கள் சிவந்து கறுக்கும். நட்ட அடுத்த ஆண்டே பலன் தெரியும். தேன்சிட்டு பூவுக்கு வரும், சின்னான் பழத்துக்கு வரும். ஆகவே பழம் கிளையில் தங்குமென்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. பழத்தைப் பார்ப்பதைவிடப் பறவையைப் பார்ப்பது மேல்.

ஆனால் ஹமீலியாவின் சாதாரண ரகத்தில் இலை மேல் மெல்லிய ரோமம் இருக்கும். மணலிச் சாலையோரத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் இலை சாம்பல் நிறமாகிவிடும், குழாய் போட்டுக் கழுவ வேண்டும். உப்பு அதிகமானால் நுனி கருகும். கொளத்தூர், பெரம்பூர் போல மெட்ரோ வாட்டர் ஓரளவு கிடைக்கிற வீட்டுக்கு இது நல்ல தேர்வு. எர்ணாவூருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் மனதுக்குப் பிடித்தது காயா. "காயாம்பூ வண்ணன்" என்று திருமாலைப் பாடுகிறோமே, அந்தக் காயா. காசா என்றும் சொல்வார்கள். கோடையில் கிளையோடு ஒட்டி நீல ஊதாப் பூ நுரைத்து நிற்கும், பிறகு பட்டாணி அளவில் பழம் கறுத்த ஊதாவாகும். பூவும் ஊதா, பழமும் ஊதா; இந்தப் பட்டியலில் வேறு எதற்கும் அந்தப் பொருத்தம் இல்லை. பழவேற்காட்டுக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா மணலில் காடாகவே நிற்கிற செடி இது. கடற்காற்றும் மணலும் அதற்குப் பிறந்த வீடு. இலை தோல் மாதிரி தடித்தது, தூசி ஒட்டாது, முள்ளும் கிடையாது.

பிறகு ஏன் எல்லோர் வீட்டிலும் இல்லை? ஆமை வேகம். சின்னக் கன்றாக வாங்கினால் பழம் பார்க்கப் பல ஆண்டு ஆகும். வேர் கலைந்தால் கோபித்துக்கொள்ளும். சாதாரண நர்சரியில் கிடைப்பதும் அரிது. நாட்டுமரக் கன்று வளர்ப்பவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும், அல்லது ஆரோவில் பக்கத்து நாற்றங்கால்களில் கேட்க வேண்டும். சொந்த வீடு, சொந்த மண் என்றால் யோசிக்காமல் வையுங்கள். வாடகை வீட்டில் வைத்தால் பழத்தை அடுத்த குடித்தனக்காரர்தான் பார்ப்பார்.

தண்ணீர் தேங்கும் மனைக்கு இந்த மூன்றும் ஆகாது. அங்கே நீர்ப்பூலா. ஓடைக்கரையிலும் ஏரிக்கரையிலும் தானாக வளரும் புதர், நெல்லிக்கு உறவு. மிளகைவிடச் சற்றுப் பெரிய பழம், கறுத்த ஊதா, நசுக்கினால் மை. பூக்கும் காலத்து மாலையில் உருளைக்கிழங்கு வேகும் வாசனை அடிக்கும். பக்கத்து வீட்டுச் சமையல் என்று நினைக்காதீர்கள். அடங்காத செடி, கண்ட பக்கம் கிளை நீட்டும். பின்புறச் சுவரோரம் போதும், வாசலுக்கு வேண்டாம்.

இட்லிப்பூச் செடியிலும் கறுத்த ஊதாப் பழம் வரும், தெரியுமோ? தினமும் சாமிக்குப் பூப் பறித்தால் பழம் பார்க்க முடியாது, அவ்வளவுதான். சுண்ணாம்பும் உப்பும் கலந்த தண்ணீரில் இலை மஞ்சளித்துவிடும். தொட்டியில் மழைநீரோ மெட்ரோ நீரோ ஊற்றி வளர்க்கலாம். வண்ணாரப்பேட்டை, இராயபுரம் மாதிரி மண்ணே இல்லாத வீடுகளுக்கு இதுவும் குட்டை ரக ஹமீலியாவும்தான் நடைமுறைக்கு ஆகும். பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்று போதும்.

துராண்டாவை ஊதா என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். பூதான் ஊதா, பழம் மஞ்சள், அதுவும் நஞ்சு. உண்ணிச்செடிப் பழம் கறுத்த ஊதாதான், ஆனால் காடுகளை அது படுத்துகிற பாட்டுக்கு வீட்டில் வேறு இடம் கொடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் திருவொற்றியூர், எண்ணூர், மணலிக்குக் களா. இடமும் பொறுமையும் இருந்தால் பக்கத்திலேயே ஒரு காயா. ரயில்பாதைக்கு மேற்கே, தண்ணீர் நன்றாக இருந்தால் ஹமீலியா. நடுவதை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். களிமண் என்றால் ஒன்றரை அடி மேடு கட்டி, மணலும் தொழு உரமும் கலந்து நடுங்கள். களாவைக் கவாத்து செய்வதானால் பழம் முடிந்த கையோடு புரட்டாசியில் செய்யுங்கள். தை கடந்தபின் கத்தரியை எடுத்தால் அந்த ஆண்டுப் பூ போச்சு. கையுறை தோலில் இருக்கட்டும், துணி உறைக்கு அந்த முள் கட்டுப்படாது.