கசியும் ஸ்டியரிங் றாக்: ஒயிலா, கிறீஸா, வேறு றாக்கா?

என்னிடம் இருப்பது 1275 சி.சி. எஞ்சின் கொண்ட பழைய எம்.ஜி. மிட்ஜெட். 1961 முதல் 1979 வரை தயாரான இந்தச் சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங் அமைப்பு, நம் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனரின் வழியில் வந்தது என்பதால், மைனரில் கைபழகிய மட்டக்களப்பு மெக்கானிக் எவருக்கும் அது புதிர் அல்ல. பவர் ஸ்டியரிங் இதில் கிடையாது. கசிவது, ஸ்டியரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டான றாக்கினுள் இருக்கும் ஈ.பி. 90 கியர் ஒயில். அதுவும் மொத்தமாக ஒரு கோப்பை அளவுதான். ஆகவே பவர் ஸ்டியரிங் கசிவை அடைக்க விற்கப்படும் திரவங்களை, ஒயில், கிறீஸ், வேறு றாக் என்ற மூன்று வழிகளின் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை.

எந்த வழியைத் தேர்வதானாலும் முதலில் கசியும் இடத்தைக் காண வேண்டும். பெரும்பாலும் அது இரு முனைகளையும் மூடும் மடிப்பு உறைகளான றப்பர் பூட்களின் மடிப்பாகவோ தளர்ந்த கிளிப்பாகவோ இருக்கும். சில வேளைகளில் பினியன் (றாக்கின் பற்களை நகர்த்தும் சிறு பற்சக்கரம்) தண்டின் ஒயில் சீலாக இருக்கும். என் காரில் இடப்பக்கப் பூட்டின் உள்மடிப்பு வெடித்திருந்தது. பூட்டை நசுக்கியபோது வந்தது கறுத்த ஒயில் அல்ல, கஞ்சி போல் வெளுத்த கலவை. மாரி மழையில் வெள்ளம் நின்ற கல்முனை வீதியில் ஓடியபோது வெடிப்பின் வழியே தண்ணீர் உள்ளே போயிருந்தது. ஒயில் வெளியே போவதைவிடத் தண்ணீர் உள்ளே வருவதே நம் கரையோரத்தில் பெரிய கேடு.

முதல் வழி, பூட்களை மாற்றி மீண்டும் ஒயில் ஊற்றுவது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு பக்கப் பூட் சுருங்க மறுபக்கப் பூட் விரிகிறது. அந்த அசைவிலேயே ஒயில் குழாயினுள் இங்கும் அங்கும் போய்ப் பற்களையும், பூட்களுக்குள் மறைந்திருக்கும் உள் போல் ஜொயின்ட்களையும் நனைக்கிறது. இந்த எளிய ஏற்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. வேலையும் கடினமானதல்ல: றாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை றொட் என்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி எழுதிவைத்து, அதே எண்ணிக்கையில் திரும்பப் பூட்ட வேண்டும், அதன்பின் வீல் எலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம். கம்பிக் கட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து அறும் என்பதால் துருப்பிடிக்காத உருக்குக் கிளிப் போடுவதே நல்லது. முன்சக்கரங்களை ஜக்கில் தூக்கிய நிலையில் ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வேகமாகச் சுழற்றவே கூடாது. உள்ளே ஒயிலின் அழுத்தம் கூடிப் புதிய பூட்டே வெடித்துவிடும் அல்லது கழன்றுவிடும். கைநூல் சொல்லும் அளவுக்கு மேல் ஊற்றினாலும் கதி அதுதான்.

இரண்டாவது வழி கிறீஸ். கசிவு தொல்லை நிற்கும் என்பதற்காகப் பலர் இதை நாடுகிறார்கள். பூட் சற்றுக் கிழிந்தாலும் கிறீஸ் உடனே வழிந்துவிடாது என்பது உண்மையான நன்மை. ஆனால் எந்தக் கிறீஸ், எப்படி இடப்படுகிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் காலத்தில், ஒரு கராஜில் றாக்கின் நிப்பிள் வழியாகச் சாதாரண சேஸிஸ் கிறீஸை அடித்திருக்கிறார்கள். நான் கழற்றிப் பார்த்தபோது வலப்புறத்தில் பினியனைச் சுற்றி மெழுகு போல் கட்டியாக அது நிறைந்திருந்தது. இடப்புற உள் போல் ஜொயின்டில் ஒரு துளியும் இல்லை, செம்மண் நிறத்தில் துருதான் இருந்தது. தடித்த கிறீஸ் பற்களால் ஒருமுறை ஒதுக்கப்பட்டால் திரும்பி ஓடி வராது. கிறீஸ்தான் வேண்டும் என்றால், 00 தரத்திலான அரைத்திரவக் கிறீஸை, றாக்கை முற்றாகப் பிரித்துக் கழுவி, பற்களிலும் இரு ஜொயின்ட்களிலும் கையால் பூசி அடைக்க வேண்டும். அவ்வளவு வேலை செய்பவர் புதிய பூட்டையும் போட்டுவிடலாம். போட்டபின் ஒயிலை மறுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

றாக்கையே மாற்றுவது மூன்றாவது வழி. நேரே செல்லும் நிலையில் ஆட்டமும் முனைகளில் இறுக்கமும் இருந்தால், நடுப்பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதற்கு ஒயிலும் கிறீஸும் மருந்தல்ல. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய றாக்குகள் குவிந்திருந்தாலும் எம்.ஜி.க்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மிட்ஜெட்களில் பெருந்தொகையானவை அமெரிக்காவுக்குப் போனவை. அங்கிருந்து மலிவாக வரும் றாக் இடப்பக்க ஸ்டியரிங்குக்கு உரியது, நம் காருக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் புதுப்பித்து விற்பவர்கள் பெரும்பாலும் பழைய றாக்கைத் திருப்பிக் கேட்பார்கள். மட்டக்களப்பிலிருந்து அந்த இரும்பை அனுப்பும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பினியன் சீல் மட்டும் கசிந்தால் அதற்காக றாக் வாங்குவது வீண். பினியனைக் கழற்றும்போது அதன் ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை) வரிசை மாறாமல் எடுத்துவைத்துச் சீலை மாற்றினால் போதும்.

என் றாக்கில் பற்கள் நல்ல நிலையில் இருந்ததால் இரு பூட்களையும் இடப்புற ஜொயின்டையும் மாற்றி ஒயிலே ஊற்றினேன். இப்போது ஒவ்வொரு ஒக்டோபரிலும், மாரி தொடங்குமுன், காருக்கடியில் படுத்து ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.