மொட்டைக் கிடாவும் மஞ்சள் காதுவில்லையும்: பார்பாரி ஆடு வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

இந்தப் பதிவை எழுத நீண்ட நாள் தயங்கினேன். ஏமாந்த கதையைச் சொல்வதில் உள்ள கூச்சம் ஒரு பக்கம் இருக்க, என் கொட்டிலில் நடந்தது என் பராமரிப்பின் குறையா, விற்றவர் செய்த மோசடியா என்று உறுதியாகத் தெரியாமல் ஒருவர் மீது பழி சொல்லக் கூடாது என்பதும் ஒரு காரணம். இப்போது உறுதியாகத் தெரியும். அவருடைய பெயரையோ ஊரையோ எழுதப் போவதில்லை. அவர் கையாண்ட முறைகளை மட்டும் எழுதுகிறேன். அவை அவர் ஒருவருக்கே உரியவை அல்ல.

தாராபுரத்துக்கு அருகே எனக்கு இருப்பது வீட்டைச் சுற்றிய அரை ஏக்கர் நிலம். மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்ல ஆளும் இல்லை, அதற்கான புறம்போக்கும் பக்கத்தில் இல்லை. வீட்டுக்குப் பாலும், மிஞ்சினால் விற்க ஒன்றிரண்டு லிட்டரும் கிடைத்தால் போதும் என்று தேடியபோதுதான் பார்பாரி இனத்தைப் பற்றி அறிந்தேன். ஆக்ரா, மதுரா, எட்டாவா பகுதிகளைச் சேர்ந்த இந்த ஆடு உருவத்தில் சிறியது. வளர்ந்த பெட்டையே 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். கொட்டிலில் கட்டிப்போட்டு வளர்க்க ஏற்றது. பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். நல்ல பெட்டை நாளொன்றுக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை கறக்கும். மதுரா மாவட்டத்தின் மக்தூமில் 1979 முதல் இயங்கும் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தைப் பல தலைமுறைகளாகத் தேர்வு செய்து மேம்படுத்தி வருகிறது. நானும் அதையே சிறிய அளவில் செய்ய நினைத்தேன். ஒவ்வொரு பெட்டையின் பாலையும் நோட்டில் குறித்து, அதிகம் கறப்பவற்றின் பெட்டைக் குட்டிகளை மட்டும் நிறுத்தி, ஐந்தாறு ஆண்டுகளில் வீட்டுக்கென்று ஒரு நல்ல பால் மந்தையை உருவாக்க வேண்டும் என்பது என் ஆசை.

2022 ஆகஸ்டில், வேறு மாவட்டத்தில் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் ஆறு பெட்டைகளும் ஒரு கிடாவும் வாங்கினேன். பெட்டை ஒன்றுக்கு 14,000 ரூபாய், கிடாவுக்கு 28,000 ரூபாய், வண்டி வாடகை 9,000 ரூபாய் என்று மொத்தம் 1,21,000 ரூபாய் ஆயிற்று. காலை ஆறரை மணிக்கு என் கண் முன்னால் ஒரு பெட்டையைக் கறந்து, அளவுக் குவளையில் ஒரு லிட்டர் 400 மில்லி காட்டினார். அதன் காலடியில் இரண்டு குட்டிகள் நின்றன. ஆறு பெட்டைகளில் நான்கிற்கும் கிடாவுக்கும் கொம்பு இல்லை. பார்பாரியில் ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு என்று படித்திருந்ததால் அதைக் கேட்டேன். "கொம்பு இருக்கிறது கறிக் கிளைங்க தம்பி, மொட்டைதான் பால் கிளை. இது வெளியில கிடைக்காது" என்றார். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் முட்டாத ஆடாக இருப்பதும் நல்லதுதான் என்று நானாகவே ஒரு நியாயத்தையும் சேர்த்துக்கொண்டேன். படித்ததை நம்பாமல் அவர் பேச்சை நம்பியது என் தவறு, அதை மறைக்கவில்லை.

வந்து சேர்ந்த பத்தாம் நாள் இரண்டு குட்டிகள் காய்ச்சலும் மூக்கில் சளியும் கழிச்சலுமாக விழுந்தன. ஆட்டுக்கொல்லி நோய் என்றார் கால்நடை மருத்துவர். தடுப்பூசி போட்டதாக விற்றவர் சொன்னது பொய். வந்த ஆடுகளை மூன்று வாரமாவது தனியே கட்டாமல், ஏற்கெனவே இருந்த நாட்டு ஆடுகளோடு விட்டது என் அவசரம். குட்டிகள் இரண்டும் செத்தன, நாட்டு ஆடு ஒன்றும் செத்தது.

பால் விஷயம் அடுத்த மாதமே வெளிப்பட்டது. புது இடத்துக்கு வந்த மிரட்சியில் முதல் வாரம் குறையும் என்று பொறுத்திருந்தேன். ஆனால் அன்று ஒரு லிட்டர் 400 மில்லி காட்டிய பெட்டை, காலையும் மாலையும் சேர்த்து ஒருநாளும் 650 மில்லிக்கு மேல் தரவில்லை. முந்தைய நாள் மாலைக் கறவையை விட்டுவிட்டு, குட்டிகளையும் பிரித்துக் கட்டி, ஒருநாள் பாலை மடியிலேயே தேக்கிக் காலையில் கறந்து காட்டுவது தரகர்களிடையே பழைய வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அளவுக் குவளையின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: காலடியில் நின்ற இரண்டு குட்டிகளில் ஒன்றை அந்தப் பெட்டை வாலடியில் மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. தாய் ஆடு தன் குட்டியை வாசனையால் அறியும், பிறத்தியார் குட்டியைச் சேர்க்காது. இரட்டை ஈன்ற ஆடு என்று காட்டுவதற்காக வேறொரு குட்டியை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்தும் நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இவையெல்லாம் பணத்தோடு போகக்கூடிய நட்டம். கிடாவால் வந்த நட்டம் அப்படிப்பட்டது அல்ல.

2023 மார்ச்சில் முதல் ஈற்றுக் குட்டிகள் பிறந்தன. கொம்பில்லாத நான்கு பெட்டைகளும் எட்டுக் குட்டிகள் போட்டன. பார்வைக்கு ஐந்து கிடா, மூன்று பெட்டை. மூன்றும் நன்றாக வளர்ந்தன. ஆனால் பத்து மாதம் ஆகியும் அவற்றுள் இரண்டு பருவத்துக்கு வரவில்லை. வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறை வாலாட்டிக் கத்தும், அந்த அறிகுறி எதுவும் இல்லை. அதற்கு மாறாக அவை மற்றப் பெட்டைகள் மீது ஏறத் தொடங்கின, கிடாவைப் போலக் கழுத்து தடித்தது, ஒன்றிடம் கிடா வாடையும் வீசியது. தாது உப்பு கொடுத்தேன், குடற்புழு நீக்கம் செய்தேன், அடர்தீவனத்தை மாற்றினேன். அதற்குள் இரண்டாம் ஈற்றுக்கும் அதே கிடாவையே சேர்த்திருந்தேன். 2024 தொடக்கத்தில் பிறந்த எட்டுக் குட்டிகளில் இரண்டைப் பார்த்தபோதுதான், அவற்றின் அறையின் (பெட்டையின் பிறப்புறுப்பின்) கீழ் நுனியில் ஒரு பட்டாணி அளவு மொட்டு துருத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். மருத்துவர் வந்து வளர்ந்த இரண்டையும் புரட்டிப் பார்த்தார். அவற்றிலும் அதே மொட்டு, சற்றுப் பெரிதாக. "இது நாலும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லைங்க. தாய், தகப்பன் ரெண்டுக்கும் கொம்பு இல்லையா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். வெள்ளாட்டில் கொம்பின்மை ஓங்கு பண்பு; பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குட்டி மொட்டையாகப் பிறக்கும். ஆனால் அதே மரபணுப் பிழையோடு மலட்டு இருபால் தன்மையும் ஒட்டிக்கொண்டு வருகிறது, அது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரு வழியிலும் அந்தப் பிழையைப் பெறும் பெட்டைக் குட்டியில் மட்டும் வெளிப்படும். ஆட்டின் முதலாம் குரோமோசோமில் ஏறத்தாழ 11,700 மரபணு எழுத்து நீளத் துண்டு ஒன்று விடுபட்டுப்போயிருப்பதே இதற்குக் காரணம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001-இல் கண்டறிந்தார்கள். எனவே கொம்பில்லாத கிடாவைக் கொம்பில்லாத பெட்டையோடு சேர்க்கக் கூடாது, இரண்டில் ஒன்றுக்காவது கொம்பு இருக்க வேண்டும் என்பது பால் ஆடு வளர்ப்பில் அடிப்படை விதி. என் கிடாவின் நிலை இன்னும் மோசம். கொம்புள்ள இரண்டு பெட்டைகளுக்கு அதனால் பிறந்த ஐந்து குட்டிகளும் மொட்டையாகவே பிறந்தன. அப்படியானால் அது அந்தப் பிழையின் இரு நகல்களையும் சுமக்கும் கிடாவாகவே இருக்க வேண்டும். அத்தகைய கிடாவை ஒரு நகல் மட்டும் உள்ள மொட்டைப் பெட்டையோடு சேர்த்தால் பிறப்பவற்றில் நான்கில் ஒன்று இப்படி ஆகும் என்பது கணக்கு. எனக்குப் பதினாறில் நான்கு. கணக்குப் பிசகவில்லை.

விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று சொல்வீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். தொலைபேசியில் கேட்டபோது, விவரத்தை முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, "அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு விழுந்தா கறிக்குப் போட்டுடுங்க தம்பி, எடை நல்லா நிக்கும்" என்றார். தெரியாதவர் அப்படிப் பதில் சொல்ல மாட்டார். மாற்றுக் கிடா தருவதாகச் சொன்னார், படம் அனுப்பினார், அதுவும் மொட்டை, அதே கிடாவின் தம்பி. மறுத்தபோது தீவனம் சரியில்லை என்றார், அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். ரசீது கேட்டு வாங்காததால், கையில் இருப்பது பணம் அனுப்பிய பதிவு மட்டுமே. அதில் ஆடு என்ற சொல்லே இல்லை.

ரசீது இல்லை, ஆனால் சான்றிதழ் இருந்தது. வண்ணத்தில் அச்சிட்டு, முத்திரை குத்தி, 'பதிவு பெற்ற தூய பார்பாரி' என்று ஆட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். பதிவு எண் என்று அதில் இருந்தது, ஆட்டின் காதில் மாட்டியிருந்த மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண். அந்த வில்லை தடுப்பூசி, சிகிச்சை முதலியவற்றைப் பதிவு செய்வதற்காகக் கால்நடைகளுக்குப் பொதுவாக மாட்டப்படும் அடையாளம். எந்தக் கலப்பினத்துக்கும் மாட்டுவார்கள். இனத்தூய்மைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இனங்களைப் பதிவு செய்கிறது. யாருடைய கொட்டிலில் நிற்கும் எந்த ஆட்டுக்கும் தனியே தூய்மைச் சான்று என்று அது கொடுத்ததாகப் பொருள் இல்லை. என் ஆடுகளின் தூய்மையைக் குட்டிகளே சொல்லிவிட்டன. பார்பாரியின் காது சிறியது, குழல் போலச் சுருண்டு விறைத்து நிற்கும். இரண்டாம் ஈற்றில் மூன்று குட்டிகளுக்குக் காது கன்னத்தில் தொங்கியது. முதல் கலப்பில் ஒளிந்திருப்பது அடுத்த தலைமுறையில் பிரிந்து வெளியே வரும்.

பல்லையும் நான் பார்க்கவில்லை. இரண்டாம் ஈற்று என்று கொடுத்த இரண்டு பெட்டைகளின் வாயை மருத்துவர் திறந்து காட்டினார்: முன்பற்கள் எட்டும் முளைத்துத் தேயவும் தொடங்கியிருந்தன. ஆட்டுக்கு ஒன்றே கால் வயதுவாக்கில் முதல் இரண்டு நிலைப்பற்கள் முளைக்கும், எட்டும் முளைக்க நான்கு ஆண்டு ஆகும். கீழுதட்டை விரலால் விலக்கினால் தெரியும் விஷயம்.

ஏழு உருப்படி வைத்திருப்பவருக்குக் கிடா என்பது மந்தையில் பாதி. ஒரு பெட்டை தவறானதாக இருந்தால் அதன் குட்டிகளோடு நின்றுவிடும். கிடா தவறானால் அந்த ஆண்டின் எல்லாக் குட்டிகளும் தவறு. ஐந்து மாதச் சினை, பிறந்த பெட்டைக் குட்டி பருவத்துக்கு வந்து இணை சேர்க்கும் எடையை எட்டப் பத்து மாதம், அது சினைப்பட்டு ஈன மறுபடி ஐந்து மாதம் என்று இருபது மாதம் கழித்துத்தான் ஒரு கிடாவின் மகள் எவ்வளவு கறக்கிறாள் என்று குவளையில் பார்க்க முடியும். இரண்டு ஈற்றும் வீணானதால் நான் இழந்தது அந்தக் காலத்தைத்தான். எந்தப் பண்ணையாளராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

2024 இறுதியில் வேறு கிடா தேடியபோது நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கிடாவைப் பார்க்கவில்லை, அதன் தாயைப் பார்த்தேன். அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, மாலையில் போய், தாய் ஆட்டின் மடியை நானே ஒட்டக் கறந்து கீழே ஊற்றாமல் அவர்களிடமே கொடுத்துவிட்டு, அந்த இரவு பக்கத்து ஊரில் தங்கி, மறுநாள் காலையும் மாலையும் கறந்து, நுரை அடங்கிய பிறகு எடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வேளையும் சேர்த்து 940 கிராம் வந்தது. ஈன்று ஏழு வாரம் ஆன ஆடு, அதாவது பால் உச்சத்தில் இருக்கும் சமயம், ஆகவே அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் குறித்துக்கொண்டேன். பச்சைப் பாலின் வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடிய புருசெல்லா நோய்க்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகே முன்பணம் கொடுத்தேன். பிறந்த தேதி, தாய் தந்தை விவரம், போட்ட தடுப்பூசி ஆகியவற்றை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்த வீட்டார் இதில் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சுளித்த இரண்டு இடங்களிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். கிடாவுக்கு இரண்டு பக்கமும் முறுக்கிய கொம்பு இருக்கிறது.

பழைய கிடாவை என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். பார்க்க அழகான ஆடு என்பதால் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் பெட்டைகளுக்கு விலைக்குக் கேட்டார். அவருடைய ஆடுகளிலும் பாதி மொட்டை. நான் கொடுக்கவில்லை, கறிக்கு எடை போட்டுவிட்டேன். அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கொம்பில்லாத பார்பாரி என்று யாரிடமாவது கிடா வாங்கி வைத்திருப்பவர்கள், இன்றைக்கே தங்கள் கொட்டிலில் அதனால் பிறந்த பெட்டைக் குட்டிகளின் வாலைத் தூக்கி, அறையின் கீழ் நுனியைப் பார்த்துவிடுங்கள். மொட்டு இருந்தால் அடுத்த பருவத்துக்கு அந்தக் கிடாவைச் சேர்க்காதீர்கள், விற்பதாக இருந்தால் வளர்ப்புக்கு விற்காதீர்கள்.