மருதமர நிழலுக்கு ஒரு 8×42 பைனாகுலர்

சீட்டு எடுத்த காசில் இந்த 8×42 பைனாகுலரை (8 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர்) வாங்கி ஒரு வருடமாகிறது. மாரி முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கினால், சனிக்கிழமைகளில் இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மன்னார்ப் பக்கத்து அருவியாற்றுக்குப் போய்விடுவேன். கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் பிரியும் தேக்கம் அணைக்கட்டுக்கு மேலே, நான் இறங்கும் இடத்தில் ஆறு பள்ளத்துக்குள் ஓடுகிறது. ஆளுயரத்துக்கு மேல் கரை, கரை முழுக்க மருதமரம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மைமல் பொழுது மாதிரித்தான்.

இந்த நிழலை யோசிக்காமல் முதலில் ஒரு 12×25 வாங்கி ஏமாந்தேன். பறவையோடு சேர்த்துக் கைநடுக்கத்தையும் பன்னிரண்டு மடங்கு காட்டியது, படமும் இருட்டு. கணக்கு இலேசானது. 25-ஐ 12-ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2 மில்லிமீற்றர் சொச்சம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. மரநிழலில் கண்மணி விரிந்திருக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

போன மாசியில் சருகுக்குள் ஏதோ கிளறியது. வெறுங்கண்ணுக்கு மண்கட்டி போலத்தான் இருந்தது. பைனாகுலரை வைத்தால் பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், வாலடியில் சிவப்பு. ஆறுமணிக்குருவி! இந்தியாவிலிருந்து ஒக்டோபர் அளவில் வந்து ஏப்ரலுக்குள் திரும்பிவிடும் பறவை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர், "தம்பி, உதுக்குள்ளால என்ன தெரியுது?" என்றார். "ஒருக்கா பாருங்கோ ஐயா" என்று கொடுத்தேன். கனநேரம் திருப்பித் தரவில்லை. "உது கத்துறதை மட்டும்தான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறன்" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. வார் மெல்லியது, மதியத்துக்குள் கழுத்தை அறுக்கிறது. நான் அகலமான வார் மாற்றிவிட்டேன். முன் மூடி ஒன்று ஆற்றோடு போய்விட்டது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வளையத்தைத் திருகி உள்ளே இறக்கினால் முழுப் படமும் தெரியும். பழையதில் ஒரு மாரியிலேயே பூஞ்சணம் பிடித்தது. இது உள்ளே நைதரசன் அடைத்தது, இதுவரை சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு பிஸ்கட் டின்னில்தான் வைக்கிறேன்.

கட்டுக்கரைக்குளத்தில் நடுத்தண்ணீரில் மிதக்கும் வாத்துகளைப் பிரித்தறிய இது போதாது. அதற்கு முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி வேண்டும். ஆற்றுக்கு என்றால் யோசிக்காமல் வாங்கலாம். அப்புறம், இறங்க முன் கரையில் யானை லத்தி புதிதாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது பக்கத்தில் நிற்பது தெரியாது.