போட்டதை மறந்து பார்த்தால்: வீராணம், சேது, ஓமந்தூரார்

பாதியில் நிற்கும் அரசுத் திட்டத்தை முடிக்கலாம், வேறு வேலைக்கு மாற்றலாம், இல்லை கைவிடலாம். எதைச் செய்தாலும் போட்ட பணம் திரும்பாது. இனி எவ்வளவு போட வேண்டும், இனி என்ன கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளே போதும்.

வீராணத்தில் அந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தது. வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுவர வகுத்து, 1970களில் நின்றுபோன திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. உள்ளே அடுப்பு மூட்டிக் குடும்பங்கள் வாழ்ந்தன. 2004இல் வந்த புதிய வீராணத்துக்குப் புதுக் குழாய்களே பதிக்கப்பட்டன. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் தண்ணீர். தாகத்தில் தவித்த சென்னைக்கு அது தேவைதான்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான ஆழமற்ற கடலைத் தோண்டிக் கப்பல் கால்வாய் அமைக்கும் சேதுசமுத்திரம் அப்படியல்ல. 2005இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, 2007இல் உச்ச நீதிமன்றத் தடையால் நின்றது. ராமர் பாலத்தைத் தொடாத மாற்றுப் பாதையும் பொருளாதாரத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஒத்துவராது என்று அதை ஆராய்ந்த பச்சௌரி குழு சொன்னது. அதற்குப் பிறகும், 800 கோடிக்கு மேல் செலவாகிவிட்டதே என்ற வாதம் வந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. ராமர் பாலச் சர்ச்சையை ஒதுக்கிவிட்டே பாருங்கள். கால்வாயின் ஆழம் 12 மீட்டர். இன்றைய பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. தோண்டிய இடத்தில் மணல் மறுபடி சேரும், தூர்வாரும் செலவு ஓயவே ஓயாது. 2023இல் சட்டமன்றம் இதை மீண்டும் நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டாலும், கைவிடுவதே சரி என்பேன்.

ஓமந்தூரார் தோட்டம்தான் மனதை உறுத்துகிறது. அங்கே கட்டிய புதிய தலைமைச் செயலகம், சட்டமன்ற வளாகத்துக்கு 2010 மார்ச்சில் திறப்பு விழா. குவிமாடம் முடியாததால் சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்துத் தற்காலிகக் குவிமாடம் அமைத்தார்கள். சட்டமன்றமும் அங்கே கூடியது. 2011இல் ஆட்சி மாறியதும் செயலகம் கோட்டைக்கே திரும்பியது; கட்டடத்தை மருத்துவமனையாக்கும் அறிவிப்பும் வந்தது. திறந்தது 2014இல்.

அந்த மருத்துவமனையால் ஏழைகள் பயனடைகிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2011இல் எதிரே இருந்த இன்னொரு வழி, பெரும்பகுதி முடிந்த செயலகத்தைச் செயலகமாகவே வைத்துக்கொண்டு, மருத்துவமனையை வேறிடத்தில் கட்டுவது. அறுவை அரங்கு எங்கே, ஆக்சிஜன் குழாய் எப்படிப் போகும், ஸ்ட்ரெச்சர் எங்கே திரும்பும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே அமைய வேண்டியவை. அப்படி மருத்துவமனைக்கென்றே கட்டிய 1,000 படுக்கைக் கட்டடம் 2023இல் கிண்டியில் வந்துவிட்டது. தலைமைச் செயலகம் மட்டும் இன்னும் கோட்டைக்குள் இடநெருக்கடியில்தான் இருக்கிறது.